கண்ணுக்குத் தெரிவது காதுக்கும் கேட்க வேண்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குச் சென்றவர்கள் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கும் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பார்கள். சில ஓடுகளில் நீளவாக்கில் கோடுகள் மேடாக இருக்கும். சிலவற்றில் வட்டப் புள்ளிகள் துருத்திக்கொண்டிருக்கும். கோடு என்றால் நேரே நடக்கலாம் என்று பொருள். புள்ளி என்றால் முன்னால் சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது, கவனமாக இரு என்று பொருள். வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர் கோலின் நுனியாலும் காலணியின் அடிப்பாகத்தாலும் இதை உணர்ந்துகொள்கிறார். ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த ஓடு, 1967ஆம் ஆண்டில் ஒக்காயாமா நகரத்துச் சாலை ஒன்றில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று அது பல நாடுகளின் நடைபாதைகளிலும் இரயில் நிலையங்களிலும் காணப்படுகிறது.

இந்த ஓடுகளைத் தடவியபடி ஒரு பார்வையற்றவர் வீட்டிலிருந்து புறப்பட்டு, இரயிலேறி, தாம் வேலை செய்யும் அலுவலகத்திற்கு எவர் துணையுமின்றி வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் திறக்கிறார். மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வங்கியிலிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது. இரண்டையும் அவரால் படிக்க முடியவில்லை. சாலையில் யாரையும் எதிர்பாராமல் நடந்து வந்தவர், கணினியின் முன்னே இன்னொருவரின் கண்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குக் கணினி தெரியாது என்பது இதற்குக் காரணமன்று. அந்தச் சுற்றறிக்கையும் கடிதமும் தயாரிக்கப்பட்ட விதமே காரணம். சாலையில் ஓடு பதித்தவர்கள் அவர் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். கடிதத்தைத் தயாரித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. இணையத்தளங்களையும் மின்னியல் ஆவணங்களையும் உடற்பேறு குறைந்தோர் தாங்களாகவே பயன்படுத்தும்படி அமைப்பதைத்தான் கணினித் துறையினர் 'அணுகல் வசதி' என்கிறார்கள்.

பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்துவது எப்படி?

பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாராளமாக முடியும். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றி வாசிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளன. இவற்றைத் திரைவாசிப்பு மென்பொருள் என்று சொல்லலாம். 'ஜாஸ்' என்ற மென்பொருளை உருவாக்கிய டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978ஆம் ஆண்டில் கார் விபத்தில் பார்வையை இழந்தவர். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவருடைய நண்பரும் பார்வையற்றவருமான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். அதை எவரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். கைத்தொலைபேசிகளிலும் இவ்வசதி வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 3ஜி.எஸ். முதல் ஆப்பிள் கைத்தொலைபேசிகளில் 'வாய்ஸ்ஓவர்' என்ற வாசிப்பு வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் அதே வேலையை 'டாக்பேக்' செய்கிறது.

கேட்பதற்கு மாறாக விரலால் படிக்க விரும்புவோருக்குப் பிரெய்ல் திரை என்ற கருவி உண்டு. விசைப்பலகையின் முன்னால் வைக்கப்படும் அக்கருவியில் சிறு ஊசிமுனைகள் ஏறி இறங்கி, திரையில் உள்ள வரியைப் பிரெய்ல் புள்ளிகளாகக் காட்டும். பார்வையும் செவித்திறனும் ஒருசேர இல்லாதவர்களுக்கு இதுவே கணினியின் வாசல் எனலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்வையுள்ளவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண்ணை ஓட்டி, எது தலைப்பு, எது செய்தி, எது விளம்பரம் என்று நொடியில் பிரித்தறிகிறார். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அந்தக் கண்ணோட்டம் கிடையாது. பக்கத்தின் உள்ளே என்ன குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே அது சொல்லும். தலைப்பு என்று குறித்திருந்தால், ஒரு விசையை அழுத்தியே தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். குறிக்கவில்லையென்றால், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாற்பது பக்க அறிக்கையில் தமக்கு வேண்டிய ஒரு பத்தியைத் தேடுபவரின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பார்வையற்றோருக்கு மட்டும்தானா?

உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது நூற்றுக்குப் பதினாறு பேர், குறிப்பிடத்தக்க உடற்குறையுடன் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுக்கு இணையத்தில் ஏற்படும் தடைகள் ஒரே மாதிரியானவை அல்ல.

காது கேளாதவருக்கு எழுத்து ஒரு தடையன்று. காணொளிதான் தடை. பேசப்படும் சொற்கள் திரையின் அடியில் எழுத்தாக வராவிட்டால், அமைச்சர் அறிவித்த உதவித்தொகையும் மருத்துவர் சொன்ன எச்சரிக்கையும் அவரைச் சென்றடையாது. கைநடுக்கம் உள்ளவராலும் கைகளை அசைக்க இயலாதவராலும் மவுஸைப் பிடித்துச் சிறிய பொத்தானைக் குறி பார்த்துச் சொடுக்க முடியாது. விசைப்பலகையால் மட்டும், அல்லது வாயில் பிடித்த குச்சியால், அல்லது ஒரே ஒரு பொத்தானால் அவர்கள் கணினியை இயக்குகிறார்கள். சில நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களிடையே இக்குறை அதிகம். 'சிவப்பு நிறத்தில் உள்ள கட்டங்களை நிரப்பவும்' என்று ஒரு பாரத்தில் எழுதியிருந்தால், எந்தக் கட்டம் சிவப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. வாசிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு நீண்டு பின்னிய வாக்கியங்களும் இடைவிடாது ஓடும் எழுத்துகளும் பெரும் தொல்லை.

இவர்களோடு முதியோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுபது வயதைக் கடந்தவரின் கண்ணுக்கு வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். ஆகவே, இது எங்கோ இருக்கும் சிலரின் பிரச்சினை என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. இன்று நன்றாகப் பார்க்கிறவர்களில் பலர் இன்னும் இருபது ஆண்டுகளில் இந்த வரிசையில் நிற்கப் போகிறவர்கள்.

சுற்றறிக்கை ஏன் பேசவில்லை?

அந்தத் தந்தையின் கணினிக்குத் திரும்புவோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை முறையாகத் தட்டச்சு செய்யப்பட்டதுதான். பிறகு அச்சிட்டு, தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் இட்டு, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கண்ணுக்கு அது கடிதம். கணினிக்கு அது ஒரு நிழற்படம். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. திரைவாசிப்பு மென்பொருள் 'படம்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும்.

கைத்தொலைபேசிக் குழுக்களில் பகிரப்படும் அறிவிப்புகளின் நிலையும் இதுவே. ஆலயத் திருவிழா அழைப்பு, இரத்ததான முகாம், இலவச மருத்துவப் பரிசோதனை, துக்கச் செய்தி ஆகிய யாவும் இப்போது அழகிய வண்ணப் படங்களாக வருகின்றன. நாள், நேரம், இடம் எல்லாம் படத்திற்குள்ளேயே அடங்கியிருக்கும். படத்தின் கீழே அதே விவரத்தை இரண்டு வரிகளாகத் தட்டச்சு செய்திருந்தால் பார்வையற்றவரும் அதைக் கேட்டிருப்பார். நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்கு எத்தனை மணிக்கு என்று மற்றவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு வந்திருக்காது.

இணையத்தளங்களில் படங்களுக்கு 'மாற்று வாசகம்' என்ற ஒன்றை இணைக்க வழியுண்டு. திரையில் அது தெரியாது. திரைவாசிப்பு மென்பொருள் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். மாற்று வாசகம் எழுதும்போது அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தேடல் பொத்தானில் உருப்பெருக்கிக் கண்ணாடி வரையப்பட்டிருந்தால், 'தேடு' என்று எழுதுவதே சரி. 'உருப்பெருக்கிக் கண்ணாடி' என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. வெறும் அலங்காரப் படமாக இருந்தால், மென்பொருள் அதைத் தாண்டிச் செல்லும்படி விட்டுவிடலாம்.

படத்தில் உள்ள எழுத்துகளைக் கண்டறியும் மென்பொருள்களும் படத்தை விவரித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றால் பார்வையற்றோருக்குப் பெரும் உதவி கிடைத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மங்கலான நகலிலும் கையெழுத்திலும் அட்டவணையிலும் அவை தடுமாறுகின்றன. தொகையில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தாலும், சரிபார்த்துக்கொள்ளக் கேட்பவரிடம் மூலத்தைக் காணும் வழியில்லை.

தமிழுக்கே உரிய சிக்கல்

தமிழ் ஆவணங்களில் இன்னொரு தடையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கணினியில் தமிழைக் கொண்டு வருவதற்கு இவ்வட்டாரத்தவர் ஆற்றிய பங்கு பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறனும் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் அத்துறையின் முன்னோடிகளாகப் போற்றப்படுகிறவர்கள். அந்தத் தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனி முறையைப் பின்பற்றியது. ஆங்கில எழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தார்கள். திரையில் தமிழ் தெரிந்தது. ஆனால் கணினியின் உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துதான்.

எடுத்துக்காட்டாக, 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்கு அம்மா என்றே தெரியும். திரைவாசிப்பு மென்பொருளோ எழுத்துருவின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே பதிவாகியுள்ள குறிகளைத்தான் அது படிக்கிறது. ஆகவே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வாசிக்கும். ஒரு சொல்லுக்கே இந்தக் கதி என்றால், முழுக் கட்டுரையைக் கேட்கும் பார்வையற்றவரின் நிலை எப்படியிருக்கும்?

இதற்குத் தீர்வாக அமைந்தது யூனிகோடு என்ற ஒருங்குறி முறை. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண் என்பது அதன் அடிப்படை. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் தட்டச்சு செய்த 'அம்மா' எந்தக் கணினியிலும் எந்தக் கைத்தொலைபேசியிலும் அம்மாதான். 'ஈஸ்பீக்' போன்ற இலவசக் குரல் மென்பொருள் அதைத் தமிழாகவே வாசிக்கிறது. குரல் சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும் பொருள் தெளிவாக விளங்கும். ஆயினும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட மலர்களும் நூல்களும் கட்டுரைகளும் இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. சங்கங்களும் பதிப்பாளர்களும் தங்கள் பழைய கோப்புகளை மாற்றி வைத்தால், அவை பார்வையற்ற வாசகர்களுக்கும் திறந்துவிடும். தேடுபொறியிலும் அவை கிடைக்கும்.

பல மொழிகள் புழங்கும் நாட்டில் மொழியைக் குறித்து வைப்பதும் முக்கியமாகும். ஒரு பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதை இணையத்தளம் உள்ளுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் திரைவாசிப்பு மென்பொருள் மலாய்ச் சொல்லை ஆங்கிலக் குரலில் வாசிக்கும். தண்ணீரைக் குறிக்கும் 'ஆயிர்' என்ற மலாய்ச் சொல் ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கும் 'ஏர்' என்று ஒலிக்கும். தண்ணீர்க் கட்டண பில்லைக் கேட்பவர் இது என்ன கட்டணம் என்று குழம்பிப்போவார்.

உலக அளவில் வகுக்கப்பட்ட விதிகள்

இத்தகைய தடைகளை நீக்க உலக அளவில் விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. உலகளாவிய வலையை 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ் லீ, 1994ஆம் ஆண்டில் அதன் தரங்களை வகுப்பதற்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். அக்கூட்டமைப்பு 1997ஆம் ஆண்டில் அணுகல் வசதிக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. 2008ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தது. பின்னர் 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் அது விரிவாக்கப்பட்டது.

அந்நெறிகள் நான்கு கொள்கைகளின் மீது நிற்கின்றன. முதலாவது, பக்கத்தில் உள்ளதைக் கண்ணாலோ காதாலோ விரலாலோ ஏதேனும் ஒரு வழியில் உணர முடிய வேண்டும். இரண்டாவது, மவுஸ் இல்லாமலும் இயக்க முடிய வேண்டும். மூன்றாவது, படிப்பவருக்குப் புரிய வேண்டும். நான்காவது, திரைவாசிப்பு மென்பொருள் போன்ற கருவிகளோடு ஒத்துழைக்கும்படி உறுதியாக அமைந்திருக்க வேண்டும்.

இவற்றின் கீழ் அளந்து பார்க்கக்கூடிய விதிகள் உண்டு. சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பது மற்றொன்று. சிலருக்கு அத்தகைய ஒளி வலிப்பைத் தூண்டிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

சிட்னியில் நடந்த வழக்கு

விதிகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நல்ல சான்றாகும். புரூஸ் மகுவாயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் பிரெய்ல் திரையின் துணையுடன் இணையத்தைப் பயன்படுத்தி வந்தவர். ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்தில் பல படங்களுக்கு மாற்று வாசகம் இல்லை என்றும், விளையாட்டுப் பட்டியலையும் முடிவு அட்டவணைகளையும் தம்மால் அணுக முடியவில்லை என்றும் 1999ஆம் ஆண்டில் மனித உரிமை ஆணையத்திடம் அவர் புகார் செய்தார்.

தளத்தைத் திருத்த ஒருவர் 368 நாள் வேலை செய்ய வேண்டும், இரண்டு மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. சிறு குழு ஒன்று சில வாரங்களில் முடித்துவிடக்கூடிய வேலைதான் அது என்று நிபுணர்கள் சாட்சியம் அளித்தனர். போட்டிகள் தொடங்கும் நாளான செப்டம்பர் 15க்குள் தளத்தைத் திருத்துமாறு 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆணையம் உத்தரவிட்டது. உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. ஆகவே அவ்வாண்டு நவம்பரில், மகுவாயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அணுகல் வசதி தொடர்பாக உலகில் எழுந்த தொடக்கக் கால வழக்குகளில் ஒன்றாக இது இன்றளவும் பேசப்படுகிறது.

அமெரிக்காவிலும் இதுபோல் நடந்தது. 'டார்கெட்' என்ற பெரும் அங்காடி நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்வையற்றோரால் பொருள் வாங்க முடியவில்லை என்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 2006ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 2008ஆம் ஆண்டில் 6 மில்லியன் அமெரிக்க டாலரில் சமரசம் ஏற்பட்டது. இரண்டு வழக்குகளும் உணர்த்தும் பாடம் ஒன்றுதான். தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் சிறு வேலையாக முடிந்திருக்கக்கூடியது, பிறகு திருத்தப் புகும்போது பெருஞ்செலவாகி நின்றது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்

மலேசியாவில் உடற்பேறு குறைந்தோருக்கான சட்டம் 2008ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. அதன் 30ஆவது பிரிவு, தகவலையும் தொடர்பு வசதிகளையும் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று கூறுகிறது. ஆனால் இயற்றப்பட்டபோது அச்சட்டத்தில், உரிமையை மறுப்பவர்களுக்கு என்ன தண்டனை என்பது சொல்லப்படவில்லை. உடற்பேறு குறைந்தோர் அமைப்புகள் இக்குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்துள்ளன.

ஐக்கிய நாட்டு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உடற்குறையுள்ளோர் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 2013ஆம் ஆண்டிலும் உறுதிப்படுத்தின. அதன் ஒன்பதாவது விதி கட்டடங்களையும் போக்குவரத்தையும் பற்றிப் பேசும் அதே மூச்சில் இணையத்தையும் சேர்த்துப் பேசுகிறது. நூல்களைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கை முக்கியமானது. அச்சு நூல்களைப் பிரெய்லாகவும் ஒலி நூலாகவும் மாற்றிப் பார்வையற்றோருக்கு வழங்குவதற்குப் பதிப்புரிமை தடையாக இருக்கலாகாது என்பது அதன் நோக்கம். சிங்கப்பூர் 2015ஆம் ஆண்டிலும் மலேசியா 2022ஆம் ஆண்டிலும் அதில் இணைந்தன.

வீட்டிலும் சங்கத்திலும் செய்யக்கூடியவை

சட்டமும் உடன்படிக்கையும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் அன்றாடம் ஆவணம் தயாரிப்பவர்கள் யார்? பள்ளி எழுத்தர், சங்கச் செயலாளர், ஆலய நிர்வாகி, சிறு வணிகர், பட்டப்படிப்பு மாணவர் ஆகியோரே. அவர்கள் கையில்தான் இதன் பெரும்பகுதி இருக்கிறது. பின்வரும் பழக்கங்களுக்குப் பணச்செலவு எதுவும் இல்லை.

1. தலைப்பைத் தலைப்பு என்று குறிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு மட்டுமே அது தலைப்பு. வேர்ட் மென்பொருளில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற பாணிகள் உள்ளன. அவற்றைத் தேர்ந்தெடுத்தால்தான் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது தலைப்பாகும்.

2. தட்டச்சு செய்த ஆவணத்தை அச்சிட்டு மீண்டும் ஸ்கேன் செய்து அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். வேர்டிலிருந்து நேரடியாகப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து அனுப்பலாம். முத்திரையிட்ட நகல் கட்டாயம் தேவையென்றால், மூலக் கோப்பையும் உடன் இணைக்கலாம். ஒரு பி.டி.எஃப். கோப்பு எழுத்தா படமா என்று அறிய எளிய வழியுண்டு. மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க முயல வேண்டும். சொற்கள் தனித்தனியே பிடிபடாவிட்டால், அந்தக் கோப்பு திரைவாசிப்பு மென்பொருளிடமும் பேசாது.

3. இணைப்புகளுக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதக் கூடாது. பார்வையற்றோர் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக்கிக் கேட்பதுண்டு. 'இங்கே சொடுக்கவும்' என்று பன்னிரண்டு முறை கேட்டால் எது எதற்கு என்று எப்படித் தெரியும்? 'விண்ணப்பப் பாரம்', 'கட்டண விவரம்' என்று பெயர் சொல்லி எழுதுவதே நல்லது.

4. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது. சிவப்பு எழுத்தோடு 'கட்டாயம்' என்ற சொல்லையும் சேர்த்தால் எல்லாருக்கும் விளங்கும்.

5. அட்டவணையை எண்களுக்கும் விவரப் பட்டியலுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்தால், ஒவ்வொரு தொகையும் எந்த மாதத்துக்கு உரியது என்பதை மென்பொருள் சேர்த்துச் சொல்லும்.

6. காணொளிக்கு அடிவரி சேர்க்க வேண்டும். கணினி தானாக உருவாக்கும் தமிழ் அடிவரியை ஒரு முறை படித்துத் திருத்துவது நல்லது. காது கேளாதவரோடு, ஓசையை நிறுத்திவிட்டு இரயிலில் காணொளி பார்ப்பவருக்கும் அது உதவும்.

7. இணையப் பாரம் வைத்திருப்பவர்கள் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, 'டேப்' விசையை மட்டும் அழுத்தித் தங்கள் பாரத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். எங்கே சிக்கிக்கொள்கிறார்களோ, அங்கேதான் கைகளை அசைக்க இயலாதவரும் பார்வையற்றவரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

கணினியே சோதித்துக் குறைகளைப் பட்டியலிடும் வசதிகளும் உண்டு. வேர்டிலேயே அத்தகைய சோதனை இருக்கிறது. ஆனால் மாற்று வாசகம் இருக்கிறதா என்பதை மட்டுமே இயந்திரத்தால் உறுதியாகச் சொல்ல முடியும். அது பொருத்தமானதா என்பதைப் பயன்படுத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். புதிய தளத்தை வெளியிடும் முன் ஒரு பார்வையற்றவரையும் ஒரு முதியவரையும் அழைத்துப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தால், பல நாள் ஆராய்ச்சியில் தெரியாத குறைகள் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தனிப்பக்கம் போதாதா?

பார்வையற்றோருக்கென எழுத்து மட்டுமுள்ள ஒரு தனிப்பக்கம் வைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. பார்ப்பதற்கு அது சுலபமான வழியாகத் தோன்றும். நடைமுறையில், முதன்மைப் பக்கம் வாரந்தோறும் புதுப்பிக்கப்படும். தனிப்பக்கத்தைக் கவனிக்க ஆள் இருக்காது. சில மாதங்களில் அது பழைய தகவல்களின் கிடங்காகிவிடும். முன்வாசலைச் செப்பனிடுவதே சரியான வழி.

யாரையாவது உடன் வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். குடும்பத்தாரும் நண்பர்களும் அன்போடு உதவுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் எல்லாவற்றையும் மற்றவர் கண்ணால் படிக்க முடியாது. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதும், மருத்துவப் பரிசோதனையின் முடிவு என்ன என்பதும், சம்பளக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் ஒருவர் தாமே முதலில் அறிய வேண்டியவை. இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வங்கிகள் எச்சரிக்கின்றன. பார்வையற்றவரால் பயன்படுத்த முடியாத வங்கித் தளமோ அந்த எண்ணை இன்னொருவரிடம் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடுகிறது. அவர் ஏமாற்றப்பட்டால் பழியும் அவர் மேலேயே விழும்.

பள்ளிச் சுற்றறிக்கையோடு காத்திருந்த அந்தத் தந்தை மாலையில் வீடு திரும்பியதும் என்ன செய்வார்? ஒன்பது வயது மகளைக் கூப்பிட்டு, 'பள்ளியிலிருந்து என்னம்மா வந்திருக்கு, படிச்சுச் சொல்லு' என்பார். மகளும் படித்துச் சொல்வாள். பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்பதைச் சொல்வாள். அவளுடைய கணிதப் பாடத்தைப் பற்றி ஆசிரியர் எழுதியிருக்கும் வரியைப் படிப்பதா விடுவதா என்பதையும் அவளே முடிவு செய்வாள். தந்தைக்குரிய இடம் அந்த ஒரு தாளினால் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது.

அதே சுற்றறிக்கையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, ஸ்கேன் செய்யாமல் அப்படியே அனுப்பியிருந்தால், காலையிலேயே அவர் அதைக் கேட்டு முடித்திருப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து, 'கணக்குல என்ன பிரச்சினைம்மா?' என்று மகளை அருகில் உட்கார வைத்துப் பேசியிருப்பார். பள்ளி எழுத்தருக்கு அதனால் கூடியிருக்கக்கூடிய வேலை எதுவும் இல்லை. ஸ்கேன் செய்யும் வேலை மிச்சமாகியிருக்கும்.